பாறையோடு பாறையாக ஒரு வீடு

போன வாரம், வீட்டுப் பிளான் வரையப் பழகும் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "மேடம், வீட்டுக்காரரு பிளான் நல்லா இருக்குதுன்னு சொல்றாரு, ஆனா ஒத்துக்க மாட்டேங்கறாரு. நான் இன்னா பண்றது?" என்று கேட்டீர்கள். ஓய்வு பெற்ற ஆர்க்கிடெக்டுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று உங்களுக்கு ஒரு நினைப்பு. அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியாது. எப்படித் தெரியாமல் போனது என்பதையாவது விவரமாகச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஏதாவது புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு நான் வரைந்ததெல்லாம் லாட்ஜுகள், கல்யாண மண்டபங்கள், செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள். எனக்குக் கடல் என்றால் மெரினாவில் சுண்டல் தின்ற இடம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளைத் தேடிக்கொண்டு ஒரு கடற்கரை வீடு வந்தது.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டையெல்லாம் அடைத்திருந்தார்கள். ஆபீஸுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று பழைய பேப்பர்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கணவனும் மனைவியும் செங்கம் ரோட்டிலிருந்து நடந்தே வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க நின்றார்கள். அவர் பெயர் ஏழுமலை. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தேவகி அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தேவகி என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். ஏழுமலை ஓரத்தில் கிடந்த நாற்காலியைக் கதவுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். சீக்கிரம் கிளம்ப வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கன்னியாகுமரிப் பக்கம், கடலை ஒட்டிய பாறை மேட்டில் ஓர் இடம் வாங்கியிருந்தார்கள். ஏழுமலையின் கப்பல் நண்பர் விற்ற இடம். பார்க்கப் போனபோது தேவகிக்கு அதைவிட்டு வர மனமில்லையாம்.

"அங்க போய் நின்னா நம்ம மலை அடிவாரத்துல நிக்கற மாதிரியே இருக்குதுங்க மேடம். அவ்ளோ பாறை. ஒரு வீடு கட்டணும். ஆனா பாறைய ஒடைக்கக் கூடாது. ஒரு சில்லு கூட பேரக் கூடாது. வீடு இருக்குதுன்னே தெரியக் கூடாது."

இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நம்மிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பக்கத்து வீட்டைவிட ஒரு அடியாவது உயரமாக வேண்டும் என்பார்கள். வாசலில் ரெண்டு தூண், தூணில் தங்கக் கலர். இந்த அம்மா மறைந்துபோகிற வீடு கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று இரவே வரைய உட்கார்ந்துவிட்டேன்.

இடத்தைப் போய்ப் பார்த்தேன். சட்டப்படி கடலிலிருந்து விட வேண்டிய தூரத்தை விட்ட பிறகும் நல்ல இடம் இருந்தது. பாறைகளுக்கு நடுவே இயற்கையாகவே ஒரு பள்ளம். பள்ளத்துக்குப் பின்னால், கடலுக்கு எதிர்ப் பக்கமாக, வீட்டைவிடப் பெரிய ஒற்றைப் பாறை. தேவகி அதன் கிட்டே போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். நானும் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று கேட்டால் தெரியாது, கால் தானாகவே கழற்றிவிட்டது. பாறைச் சூட்டில் ரெண்டு பேரும் குதித்துக் குதித்து நடந்தோம்.

வீட்டை அந்தப் பள்ளத்துக்குள் உட்கார வைத்தேன். அந்த ஊர்க் கல்லிலேயே சுவர். கூரைமேல் மண் போட்டு, அங்கே தானாக முளைக்கும் புல்லையே வளர விடுவது. பெரிய கண்ணாடி எதுவும் கிடையாது, வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். பாறைக்கடியில் நீளமாக, ஒல்லியாக, கை நுழைகிற அளவுக்கு ஜன்னல்கள். ரோட்டில் நின்று பார்த்தால் பாறைகளில் இன்னொரு பாறை. அவ்வளவுதான் தெரியும். தேவகி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதான் மேடம், இதேதான்" என்றார். நான் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

அந்த ஊர் காண்ட்ராக்டர் கிண்டல் பிடித்த ஆள். வரைபடத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், நான் படத்தத் தலகீழாவா பிடிச்சிருக்கேன்? கடலு இங்கன இல்லா கெடக்கு?" என்று கேட்டார்.

பார்த்தால், கூடம், சாப்பிடும் இடம், படுக்கை அறை எல்லாவற்றின் ஜன்னலும் அந்தப் பெரிய பாறையைப் பார்த்து இருந்தன. கடலுக்கு முதுகு. நானும் தேவகியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் எதைக் கேட்பார்கள்? மலை எந்தப் பக்கம் தெரியும் என்றுதானே. இத்தனை வருஷமாக அதே வேலையைச் செய்து செய்து, கடலோரம் போயும் ஒரு மலையைக் கண்டுபிடித்து அதைப் பார்த்து வீட்டைத் திருப்பி வைத்துவிட்டேன். வேறு எந்த ஊர்க்காரரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. காண்ட்ராக்டர் அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மேடம், கடலு இங்கன இருக்கு" என்று கை காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

சரி, திருப்பினேன். இப்போது கடல் பக்கம் ஜன்னல், ஆனால் அதே ஒல்லி ஜன்னல். ஏழுமலையிடம் காட்டினேன். அவர் கதவோரம் உட்கார்ந்தபடியே வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றார். பிறகு, "ஆனா ஏதோ…" என்றார்.

"என்னங்க?"

"தெரியலங்க. நல்லாதான் இருக்குது."

இங்கேதான் நான் குழம்ப ஆரம்பித்தேன். மனுஷன் வேலைக்காலம் முழுக்கக் கடலில் இருந்தவர், கடல் சலித்துப் போயிருக்கும் என்று நானே முடிவு செய்து, கடல் பக்க ஜன்னல்களைக் குறைத்து எடுத்துப் போனேன். "நல்லா இருக்குதுங்க, ஆனா ஏதோ…" சரி, சலிக்கவில்லை, கடல் இல்லாமல் இருக்க முடியாதவர் போல என்று, அலைச்சத்தம் நேராக வந்து விழுகிற மாதிரி படுக்கை அறையை முன்னால் நகர்த்தினேன். அதற்கும் அதேதான். சமையலறையை மாற்றினேன். வாசலை மாற்றினேன். வாஸ்து பார்க்கிறாரோ என்று சந்தேகப்பட்டுக் கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றார். கோபக்காரராக இருந்தால் சண்டை போட்டுத் தெரிந்துகொள்ளலாம். இவர் சிரித்த முகத்தோடு, பிளானைப் பத்திரமாகச் சுருட்டி என் கையில் கொடுப்பார். எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வேலையே எனக்குத் தெரியவில்லையோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

தேவகியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "அவரு அப்படித்தாங்க மேடம். வீட்ல இருந்ததே கம்மி. வீடுன்னா இன்னா வேணும்னு அவருக்கே தெரியாது. நீங்க கட்டுங்க, வந்து பாத்தா புடிச்சிடும்." அடுத்த முறை ஏழுமலையும், "தேவகிக்குப் புடிச்சா போதுங்க, ஆரம்பிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆரம்பித்துவிட்டோம்.

தளம் போடுகிற நாளுக்கு மூன்று பேரும் காரில் போனோம். மேல் தளத்துக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயார். பக்கத்துப் பாறைமேல் காங்கிரீட் மிக்ஸரை ஏற்றி வைத்திருந்தார்கள். பூஜை முடிந்து, கற்பூரம் காட்டி, முதல் சட்டி கலவையைத் தேவகி கொட்டினார். வேலை வேகமாக ஓட ஆரம்பித்தது. எவ்வளவு வரிசையாக ஆட்கள், எவ்வளவு சத்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சத்தத்தோடு சத்தமாக ஏழுமலை கீழே வீட்டுக்குள் போனதை நான் கவனிக்கவில்லை.

வெளியே வந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு ஏறி, அதன் உச்சியில் போய் உட்கார்ந்தார். தேவகி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார். மாரடைப்பு என்றுதான் நாங்கள் எல்லாரும் பயந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டதற்கு, "வெயிலுங்க, ஒண்ணுமில்ல" என்றார். கார் டிரைவரிடம் சோடா வாங்கி வரச் சொல்லித் தேவகியை அனுப்பினார். தேவகி கீழே இறங்கியதும் ஏழுமலை என்னைப் பார்த்து, "மேடம், நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கப்பல்ல இருந்தேன்னா எல்லாரும் கடலத்தான் கேக்கறாங்க. நான் இன்ஜின் ரூம்ல இருந்தேங்க. தண்ணிக்குக் கீழ. ஜன்னலே கிடையாது. டூட்டி முடிஞ்சி மேல வந்தா தூங்கத்தான் நேரம் இருக்கும். கடலப் பாத்தது ரொம்பக் கம்மி." நனைந்த சட்டையைக் கழுத்தைவிட்டு இழுத்துவிட்டுக்கொண்டார். "சேந்த புதுசுல, கல்யாணத்துக்கு முன்னாடி, ஒருவாட்டி உள்ள புகை வந்துடுச்சி. கதவு தொறக்கல. கொஞ்ச நேரந்தான். ஆனா அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியலங்க. மூடின எடத்துல ரொம்ப நேரம் இருந்தா நெஞ்ச அடைக்குது. அதோட தான் வேலையும் செஞ்சேன். இப்ப கீழ போனேன். இருட்டு, மேல மிஷின் சத்தம், டீசல் வாசனை…"

பாறைக்குள் புதைந்த, ஒல்லி ஜன்னல் வைத்த என் அருமையான வீட்டை அவர் கண்ணால் அப்போதுதான் பார்த்தேன். ஒரு மனுஷனை ஓய்வு காலத்தில் திரும்பவும் இன்ஜின் ரூமுக்குள் அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

"ஏங்க, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"அவ கேட்டது இது ஒண்ணுதாங்க. பொண்ண வளத்தா, நெலத்தப் பாத்துக்கினா, எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் எல்லாம் செஞ்சா. நான் போன்ல மட்டும் இருந்தேன். அவ மொதமொதலா ஆசப்பட்டு ஒரு வீடு கேக்கறா. இப்ப போய் எனக்கு பயமா இருக்குதுன்னு சொல்லவா? நான் பழகிக்குவேன் மேடம். எனக்குப் பழக்கந்தான. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மேலேயிருந்து காண்ட்ராக்டர் சத்தம் போட்டார். "மேடம்! ஆளுக நிக்காவ, கலவை இறுகிப் போவும்! அடுத்தது நடு ஹாலு, போடவா வேண்டாமா?"

கீழே கார் பக்கமிருந்து தேவகி சோடா பாட்டிலோடு ஏறி வந்துகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போடச் சொன்னால், அந்த வீட்டில் இந்த மனுஷன் சிரித்த முகத்தோடு மூச்சு முட்டிக்கொண்டே இருப்பார். மொத்தத்தையும் நிறுத்தினால், ஏன் என்று தேவகி கேட்பார், சொல்லாதீர்கள் என்று ஏழுமலை இப்போதுதான் கேட்டிருக்கிறார். இவரும் வீட்டுக்குச் சொந்தக்காரர், தேவகியும் சொந்தக்காரர். யாருக்கு நான் வேலை செய்கிறேன்? ஒருத்தர் ஆசைக்கும் இன்னொருத்தர் மூச்சுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல எந்தக் காலேஜிலும் சொல்லித் தரவில்லை. இதில் எனக்கே அந்த வீட்டின்மேல் ஆசை வேறு. ஒரு சில்லு பெயராமல், ஒருவருக்கும் தெரியாமல் நிற்கும் வீடு எனக்கு இனிமேல் கிடைக்காது என்று நன்றாகத் தெரியும்.

நான் எழுந்து போய், "நடு ஹாலுக்கு மேல போடாதீங்க. மத்ததெல்லாம் போடுங்க" என்றேன். எந்த இடத்தில் நிறுத்தினால் பின்னால் விரிசல் வராதோ அந்த இடத்தைக் காட்டினேன்.

"ஏன் மேடம்?"

"தெரியல."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கிண்டல் எதுவும் செய்யாமல் ஆட்களைத் திருப்பிவிட்டார். தேவகி கேட்டதற்கு, நடு ஹாலுக்குக் கட்டின கம்பி கம்மியாக இருக்கிறது, மீதி வந்ததும் போடலாம் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். ஏழுமலை சோடாவைக் குடித்துவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இதை ஏதோ சாமர்த்தியம் என்று நினைக்காதீர்கள். முழுசாக நிறுத்தத் தைரியம் இல்லை, முழுசாகப் போட மனசு வரவில்லை. ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்களுக்கு நான் தைரியமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: குழப்பத்தில் இருக்கும்போது திரும்ப எடுக்க முடியாததைச் செய்துவிடாதீர்கள். ஓட்டை இருந்தால் இருக்கட்டும், பிறகு அடைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. வீட்டுக்காரரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், அவர் நல்ல மனுஷனாக இருந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் சொல்வார். அதை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது என்று கேட்காதீர்கள், அது எனக்கும் பிடிபடவில்லை.

ஊர் திரும்பியபின் பலவிதமாக வரைந்து பார்த்தேன். கூடத்தின் மேல் கண்ணாடி போடலாமா, சுவரைத் தள்ளலாமா என்று. பாறை மறைத்தால் ஏழுமலைக்கு ஆகாது, பாறையைவிட்டு எழுந்தால் தேவகிக்கு ஆகாது. அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் இடித்தது. ஏழுமலை போன் செய்து, "கம்பி வந்துடுச்சிங்களா?" என்று விசாரிப்பார். அவருக்கே தெரியும் கம்பிக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று. இருந்தாலும் கேட்பார். நானும் வரும் வரும் என்பேன்.

ஒருநாள் தேவகி மட்டும் வந்தார். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். உட்காரச் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"கம்பி கம்மின்னு சொன்னீங்க. அங்க ஒரு கட்டு கம்பி துருப்புடிச்சிக்கினு கெடக்குது மேடம்."

நான் டீ சொல்லப் போகிற சாக்கில் எழுந்தேன்.

"உக்காருங்க மேடம். அன்னைக்கு என்ன சோடா வாங்க அனுப்பிட்டு ரெண்டு பேரும் பாறை மேல உக்காந்து பேசினத நான் பாத்தேன். அவருக்கு உடம்புக்கு ஏதோ ஜாஸ்தியா இருக்குது. என்கிட்ட மறைக்கறாரு. ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா வரமாட்டேங்கறாரு. நான் ராத்திரியெல்லாம் அவரு மூச்சு விடறாரான்னு எழுந்து போய்ப் பாத்துக்கினு இருக்கறேன். நீங்களாச்சும் சொல்லுங்க. டாக்டருங்க எவ்ளோ நாள்னு சொல்லியிருக்காங்க?"

அவர் கண்ணைப் பார்த்தேன். ரெண்டு மூன்று நாள் தூங்காத கண். கொடுத்த வாக்கு முக்கியமா, இந்த அம்மாவின் பயம் முக்கியமா என்று நான் யோசிக்கக்கூட இல்லை. வாய் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இன்ஜின் ரூம், புகை, திறக்காத கதவு, மூடிய இடம் ஆகாது என்பது, அவளிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டது, எல்லாம். சரியாகச் செய்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தேவகி அழுவார் என்று நினைத்தேன். இல்லை என்றால் என்னைத் திட்டுவார், கட்டும் வரை சொல்லாமல் விட்டீர்களே என்று. அவர் ரெண்டும் செய்யவில்லை. மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். நான் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன், தொடவில்லை.

"லீவுல வந்தா மொட்டை மாடியிலதாங்க படுப்பாரு" என்றார். "கல்யாணமான புதுசுல இருந்து. மழ வந்தாலும் தலைக்கு மேல ஒரு தார்ப்பாயக் கட்டிக்கினு அங்கயேதான். கீழ வாங்கன்னா, 'நீ படு'ம்பாரு. ரிட்டயர் ஆகி வந்தும் அதேதான். நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்கம்மாகிட்ட கூட சொன்னதில்ல." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்னைப் புடிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மேடம்."

மேஜையில் கிடந்த பிளானைத் தன் பக்கம் திருப்பினார். போடாமல் விட்ட நடு ஹாலின்மேல் விரலை வைத்தார்.

"இங்க, மேல ஒரு ரூம் எடுக்க முடியுமா? நாலு பக்கமும் பெரிய பெரிய ஜன்னலா?"

"எடுக்கலாங்க. ஆனா பாறைக்கு மேல வந்துடும். ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் தெரியும்."

"தெரியட்டும்" என்றார் தேவகி. "கட்டில் மட்டும் ரெண்டு பேருக்கு ஆகற மாதிரி போடுங்க."

நான் பென்சிலைத் தேடினேன். மேஜைமேல் தேடினேன், கீழே குனிந்து தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.